நாலாம் லீக் கோலி

கர்ட் யரெம்கோவை மேலே அனுப்ப வேண்டும் என்று யாரும் திட்டம் போடவில்லை. மேலே இருந்தவர்களுக்கு ஒருவர் பின் ஒருவராக உடம்பு கெட்டது, அவ்வளவுதான்.

அலபாமாவில் ஹார்லன் ஸ்பிரிங்ஸ் என்ற ஊரின் ஐஸ் ஹாக்கி அணிக்கு அவன் கோலி, அதாவது கோல் விழாமல் காப்பவன். சம்பளத்துக்கு ஆடும் லீகுகளில் அது நாலாவது படி. அதற்கும் கீழே ஒன்று உண்டு. அதைப் பற்றி யாரும் சத்தமாகப் பேசுவதில்லை. நாலாவதில் தன் காலுறையைத் தானே துவைக்க வேண்டும், பஸ்ஸில் உட்கார்ந்தபடியே தூங்க வேண்டும், ஆட்டம் முடிந்தால் ஆறிப்போன பீட்சா. ஆனால் ஆட்டத்துக்கு நாற்பது முறையாவது பக், அந்தக் கறுப்பு ரப்பர் வில்லை, அவன் மேல் வந்து விழும். கர்ட்டுக்கு அது பிடித்திருந்தது. கனடாவின் சஸ்காச்சுவானிலிருந்து அவ்வளவு தூரம் தெற்கே வந்ததே அதற்குத்தான்.

ஜனவரியில் ஒரு மத்தியானம், கடையில் தக்காளி பொறுக்கிக்கொண்டிருந்தபோது கோச் லலோண்ட் போன் செய்தார். யரெம்கோ என்ற பெயரை அவர் யார்மி என்று சுருக்கிவிட்டிருந்தார்.

"யார்மி, பையைக் கட்டு. ஒஹையோக்காரனுங்க உன்னைக் கேக்கறானுங்க. மூணாவது லீக்!"

"ஆடறதுக்கா கோச்?"

"ஆசையைப் பாரு. உக்கார்றதுக்குடா. மேல இருக்கறவங்க அவனுங்களோட ரெண்டாவது கோலிய இழுத்துக்கிட்டாங்க. பெஞ்ச காலியா விடக்கூடாதுல்ல?"

பல் டாக்டரிடம் வேலை பார்க்கும் அவன் மனைவி ஜோலீன், செய்தியைக் கேட்டதும் சோபாவைக் காட்டினாள். "உக்கார்றதுக்கு ஒஹையோ வரைக்கும் போகணுமா? இதோ இருக்கே."

சொல்லிவிட்டு அவன் சட்டைகளை அவளே மடித்துக் கொடுத்தாள்.

மூன்றாவது லீகில் பஸ்ஸுக்குள் படுக்கை இருந்தது. காலுறையைத் துவைக்க ஆள் இருந்தார். கர்ட் இரண்டு ஆட்டம் பெஞ்சில் உட்கார்ந்து, ஆட்டக்காரர்கள் உள்ளே வெளியே போய்வரும் கதவைத் திறந்து மூடினான். மூன்றாம் நாள், விஸ்கான்சினில் இருக்கும் இரண்டாவது லீக் அணியின் கோலிக்குத் தொடைச் சதை பிடித்துக்கொண்டது. கர்ட் இன்னொரு படி ஏறினான்.

அங்கே ஓட்டலில் தனி அறை. கோழி, மீன், வெந்த காய்கறி, எது வேண்டுமானாலும். முதல் ஆட்டத்திலேயே அவர்கள் எட்டுக்கு ஒன்று என்று தோற்றுக்கொண்டிருந்தார்கள். கடைசி நாலு நிமிடம் மிச்சமிருக்கையில், மானம் போன கோபத்தில் கோச் கர்ட்டை இறக்கிவிட்டார். எதிரணிக்கு இரக்கம் வந்துவிட்டது. பக்கைத் தங்களுக்குள்ளேயே தட்டிக்கொண்டு பொழுதைப் போக்கினார்கள். ஒரு அடிகூட கோலை நோக்கி வரவில்லை. கர்ட் குனிந்து, நிமிர்ந்து, கம்பத்தைத் தடியால் தட்டி, தண்ணீர் குடித்தான். மணி அடித்தது. அந்த லீகில் அவன் ஒரு கோலும் விடாத கோலி ஆகிவிட்டான்.

நாலு நாள் கழித்து, உலகமே டிவியில் பார்க்கிற பெரிய லீகில் ஒரு மாற்றுக் கோலிக்கு வயிற்றுப்போக்கு. அங்கும் பெஞ்சுக்கு ஆள் தேவைப்பட்டது.

விமானத்தில் கூட்டிப்போனார்கள். முட்டையை எப்படி வேகவைக்க வேண்டும் என்று ஒருவர் பவ்யமாக வந்து கேட்டார். முதுகில் பெயர் தைத்த சட்டை தயாராக இருந்தது. கோச் அவனை இரண்டு முறை "கெவின்" என்று கூப்பிட்டார். இரண்டு முறையும் அவன் திரும்பிப் பார்த்தான்.

பெரிய கோலி சால்மினென், பின்லாந்துக்காரன், காலில் கவசம் கட்டியபடி அவனைப் பார்த்துச் சொன்னான்:

"பயப்படாத. எனக்கு அடிபடாது."

"ரொம்ப நன்றிங்க."

"உனக்காகச் சொல்லல. நீ உள்ள வந்தா எத்தனை கோல் விழும்னு நேத்து யோசிச்சுப் பாத்தேன். தூக்கமே போச்சு."

ஆட்டத்தின் நடுவே கேமரா கர்ட் பக்கம் வந்தது. வர்ணனையாளர்கள் அவன் கதையைச் சொல்லி உருகினார்கள். "பாருங்க, விடாமுயற்சின்னா இதுதான்!" என்றார் ஒருவர். அப்போது அவன் சூரியகாந்தி விதை கொறித்துக்கொண்டிருந்தான்.

மறுநாள் வயிறு சரியானவர் திரும்பி வந்தார். கர்ட் மூன்று படியையும் ஒரே நாளில் இறங்கினான்.

ஹார்லன் ஸ்பிரிங்ஸில் அவன் இடத்தில் வெஸ்லி ஓடூல் என்று ஒருவன் நின்றுகொண்டிருந்தான். கல்லூரி முடித்துவிட்டு நேராக வந்தவன். வந்ததிலிருந்து தோற்கவில்லை.

"ஜெயிக்கிறவன எப்படிடா மாத்தறது?" என்றார் லலோண்ட். "நீயே சொல்லு. நீதான் பெரிய இடமெல்லாம் பாத்துட்டு வந்தவனாச்சே."

இங்கேயும் பெஞ்சுதான். அதோடு முடியவில்லை. கிளப் 'யரெம்கோ இரவு' என்று ஒன்றை அறிவித்தது. வருகிறவர்களுக்கெல்லாம் பெரிய லீக் சட்டையில் அவன் உட்கார்ந்திருக்கும் படம் இலவசம். அந்த வருஷத்திலேயே அதிகக் கூட்டம் அன்றுதான். அவன் ஒரு நொடிகூட ஆடவில்லை. ஆட்டம் முடிந்து மேசையில் உட்கார்ந்து படங்களில் கையெழுத்துப் போட்டான்.

"இங்கயும் உக்காந்துதான் இருக்க," என்றாள் ஜோலீன், கையெழுத்து வரிசையில் நின்று வந்து. "கொஞ்சம் நல்லா சிரிச்சுக்கிட்டே போட்டுக் குடு. எங்க டாக்டருக்கு."

அவன் சிரிக்கவில்லை. அவள் படத்தை மடித்துப் பைக்குள் வைத்தாள்.

"சரி, என்னதான் வேணும் உனக்கு?"

"பக் வந்து மேல அடிக்கணும். நெஞ்சுல, தோள்ல, எங்கயாவது."

"பைத்தியம்," என்றாள். ஆனால் குரலில் கேலி இல்லை.

கூட்டம் கலைந்ததும் லலோண்ட் போனைக் கையில் பிடித்தபடி ஓடிவந்தார். ஒஹையோவிலிருந்து மறுபடி அழைப்பு. சீசன் முடியும் வரை ஒரு கோலி வேண்டுமாம். "உன்னத்தான் கேக்கறாங்க. பழகின பையன், நல்ல மாதிரின்னு."

"ஆட விடுவாங்களா?"

"யார்மி, மறுபடி மறுபடி அதையே கேட்டா எப்படி?"

"வெஸ்லிய அனுப்புங்க."

லலோண்ட் அவன் நெற்றியைத் தொட்டுப் பார்க்காத குறை. "மேல கூப்பிடறாங்கடா. வேணாம்னு சொன்னவன என் வாழ்க்கைல பாத்ததில்ல."

"சின்ன வயசு கோச். உக்காரத் தெம்பு இருக்கு. அவன் போகட்டும்."

வெஸ்லி கண்கலங்கி, கர்ட்டைக் கட்டிப் பிடித்து, "இந்த உதவிய மறக்கவே மாட்டேண்ணே," என்றான். கர்ட்டுக்குக் கொஞ்சம் வெட்கமாக இருந்தது. ஆனாலும் முதுகில் தட்டிக் கொடுத்தான்.

ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்தில் கர்ட் கோலில் நின்றான். முதல் அடி தோளில் பட்டது. இரண்டாவது உள்ளே போனது. அதன் பிறகு இன்னும் நாலு போயின. தடுத்தவை எத்தனை என்று எண்ணக்கூட அவனுக்கு நேரமில்லை. முகமூடிக்குள் வியர்வை கண்ணில் இறங்கி எரிந்தது. ஆறுக்கு ஐந்து என்று எப்படியோ ஜெயித்தார்கள்.

ஆடுகளத்தைச் சுற்றியிருந்த தடுப்புக் கண்ணாடிக்குப் பின்னால் ஒரு ஆள், கையில் பியர், எழுந்து நின்று கத்தினான். "இவனப் போயா மேல கூப்பிட்டாங்க? அஞ்சு கோல்! எங்க பாட்டி நின்னா நாலுதான் விழும்!"

கர்ட் முகமூடியைத் தூக்கி, அந்த ஆளைப் பார்த்துச் சிரித்தான். படத்துக்குக்கூட அப்படி ஒரு சிரிப்பு அவனுக்கு வந்ததில்லை.