மாதிரிக் கதவு

"பெரியம்மா வீட்டு அடுப்பு ஏம்மா நம்ம சுவத்துக்குள்ள எரியுது?" என்று ஏழு வயது மகள் கேட்டபோது அவள் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். திரும்பிப் பார்த்தாள். எரிந்துகொண்டுதான் இருந்தது.

அதற்கு முந்தின நாள்தான் தச்சர், புதிதாகப் போடப்போகும் அலமாரிகளுக்கு மாதிரியாக ஒரு கதவைச் சமையலறைச் சுவரில் மாட்டிவிட்டுப் போயிருந்தார். பின்னால் பெட்டியும் இல்லை, தட்டும் இல்லை, வெறும் சுவர். கடையில் நின்று கதவு தேர்ந்தெடுக்க அவர் யாரையும் விடுவதில்லை. மாதிரியைக் கொண்டுவந்து வீட்டிலேயே ஒரு வாரம் மாட்டிவைப்பார். எண்ணெய்க் கை பட்டு, ஆவி பட்டு, கோபத்தில் படாரென்று சாத்தப்பட்டால்தான் ஒரு கதவின் குணம் தெரியும் என்பது அவர் கட்சி. வழவழவென்ற பலகைக் கதவு ஒரு வாரம் இருந்து போயிற்று. அடுத்து வந்த கண்ணாடிக் கதவு கணவருக்குப் பிடித்திருந்தது. "உள்ள இருக்கிறதெல்லாம் அழகாத் தெரியும்" என்றார். "தெரியக்கூடாதுன்னுதானே கதவே போடுறோம்" என்றாள் அவள். மூன்றாவதாக வந்தது இது. நாலு பக்கமும் மரச்சட்டம் வைத்த சாதாரணக் கதவு.

அதைத் திறந்தால் அவளுடைய ஓரகத்தியின் சமையலறை இருந்தது. அடுப்பின் சூடு முகத்தில் அடித்தது. அவள் தன்னையறியாமல் வீட்டுச் செருப்பைக் கழற்றிவிட்டு, தலையைத் தாழ்த்திக்கொண்டு நின்றாள். கணவர் வந்து எட்டிப் பார்த்து, அண்ணிக்குத் தெரிந்தால் இன்னும் கோபப்படுவார்கள், சாத்திவை என்றார். சிலிண்டர் கொண்டுவந்தவர், அந்த பர்னரை ஒரு தரம் துடைக்கச் சொல்லுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். போனில் கேட்டதற்குத் தச்சர், மரம் ஈரம் வாங்கியதைச் சொல்வதுபோல் சொன்னார்: "வேலை முடியிறவரைக்கும் உங்க ஓரகத்தி வீட்ல மாசக்கணக்கா இருந்த கதவும்மா. அந்த இடத்தை இன்னும் மறக்கல. கொஞ்ச நாள்ல சரியாயிடும்."

கொஞ்ச நாள் என்றதும் அவள் திரும்பி அந்த அடுப்பை இன்னொரு தரம் பார்த்துக்கொண்டாள். அண்ணன் தம்பி வீடு பிரிந்தபோது இரண்டு பெண்களும் வாய்க்கு வந்ததைப் பேசிவிட்டார்கள். அதற்குப் பின் முகம் பார்க்கவில்லை. பிள்ளைகள் மட்டும் போய்வருவார்கள். ஆனால் அதற்கும் முன்னால், மகள் பிறந்த கையோடு அவள் காய்ச்சலில் விழுந்து கிடந்தபோது, பிள்ளைத் துணிகளையெல்லாம் விடியுமுன் துவைத்து மடித்து வைத்தது அந்த ஓரகத்திதான். யார் செய்தது என்று ஓரகத்தி சொல்லவில்லை. தெரிந்தும் இவள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஆண்டவன் சில பேச்சை நம் தொண்டையிலேயே பாரமாக வைத்துவிடுகிறான்.

மறுநாள் காலை கதவைத் திறந்தபோது ஓரகத்தி தெரிந்தாள். வலது கையில் மாவுக்கட்டு. இடது கையால் ஒரு பாத்திரத்தைத் தேய்க்கப் பார்த்து, நழுவவிட்டு, அப்படியே போட்டுவிட்டுப் போனாள். தொட்டி நிறைய எச்சில் பாத்திரம். வாசல் வழியாகப் போனால் ஓரகத்தி உதவியை ஏற்கமாட்டாள். இவளுக்கும் அந்த வாசலை மிதிக்கத் தைரியமில்லை.

அன்றே தச்சரிடம் இந்தச் சட்டக் கதவையே சமையலறை முழுக்கப் போடச் சொன்னாள். புதுக் கதவுக்குப் பின்னால் வெறும் தட்டுதான் இருக்கும் என்று அவர் எச்சரித்தார். அது போதும், செய்து முடிக்கும்வரை மாதிரி இங்கேயே இருக்கட்டும் என்றாள்.

கணவர் வேலைக்கும் மகள் பள்ளிக்கும் போனபின், அந்தப் பக்கம் ஓரகத்தி மருந்து மயக்கத்தில் கண்ணயர்ந்திருக்கும் மதியங்களில், அவள் கதவைத் திறந்து இரண்டு கையையும் தோள்வரை உள்ளே விட்டாள். ஒவ்வொன்றாக எடுத்துத் தன் தொட்டியில் கழுவினாள். ஈரம் போகத் துடைத்தாள். திரும்ப அடுக்கும்போது, எல்லாப் பிடிகளையும் இடது கைக்கு வாகாகத் திருப்பிவைத்து, சத்தமில்லாமல் சாத்தினாள்.