பொழுது சாயுமுன்

ரத்னமாலாவுக்கு வீடு கிடைத்த கதை ஒரு நிமிஷக் கதை. திண்டிவனம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலைக்கு வந்த அன்றே, மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, மண்டி வைத்திருக்கும் சக்கரபாணி, "நயினார் வீட்டுப் பொண்ணா? உள்ள வாம்மா" என்று சாவியைக் கொடுத்துவிட்டார். பேர்கூட அப்புறம்தான் கேட்டார். வீடு என்றால் எல்லோருக்கும் அப்படித்தான் கிடைக்கும் என்று இருந்தாள் அவள். பசித்தவனுக்குத்தானே சோற்றின் அருமை தெரியும்.

பக்கத்து நாற்காலி சவுரியம்மாளுடையது. முகையூர்க்காரி, விழுப்புரத்தில் பஸ் மாறி வந்துபோகிறவள். என்ன குரல் அது! டிரங்க் கால் கிடைக்காமல் கத்துகிறவன்கூட அந்தக் குரலுக்கு அடங்கிவிடுவான். ரத்னமாலா நயினார், அதாவது ஜைனப் பெண். பொழுது சாய்ந்தால் ஒரு பருக்கை வாயில் வைக்கமாட்டாள். சாயங்கால டூட்டியில் சவுரிதான் நினைவுபடுத்துவாள்: "போ, போய்ச் சாப்டு. வெளிச்சம் போவுது." அந்த அரைமணி நேரம் இரண்டு பேர் ஸ்விட்ச்போர்டையும் ஒற்றை ஆளாகப் பார்த்துக்கொள்வாள். ஒரு நாளாவது முகம் சுளிக்க வேண்டுமே! ஊஹூம்.

அந்தச் சவுரிக்கு அடுத்த மாதம் முதல் காலை ஆறு மணி டூட்டி. முகையூரிலிருந்து அந்த நேரத்துக்கு எந்த பஸ்ஸும் வந்து சேராது. அதற்குள் உள்ளூரில் வீடு பிடிக்காவிட்டால் தருமபுரிக்கு மாற்றல் என்று சொல்லிவிட்டார்கள்.

"இதுக்குப் போயி பேஜாராவுறியே! எங்க ஓனர் வீட்டுலயே பக்கத்து போர்ஷன் காலியாத்தான் கிடக்குது. ஒரு வார்த்தை சொன்னா முடிஞ்சுது" என்றாள் ரத்னமாலா.

போகும் வழியில் ஒரு யோசனையும் சொன்னாள். "எந்தத் தெருன்னு கேட்டா, கோயில் தெருன்னு சொல்லிடு சவுரி. உன்னைப் பார்த்தா அப்படித் தெரியவே தெரியாது."

சவுரி நின்றாள். "எப்படித் தெரியணும்?"

ரத்னமாலா அதைப் பாராட்டு என்று நினைத்துத்தான் சொன்னாள், பாவி மகள்.

சக்கரபாணி வீட்டில் ராஜ உபசாரம். "தினம் பாம்பே லைன் போட்டுத் தர்ற பொண்ணு நீதானா! நல்ல குடும்பத்துப் பொண்ணுன்னு குரல்லியே தெரிஞ்சுதே!" என்றார். காப்பி வரச் சொன்னார். பிறகு, சர்க்கரை போதுமா என்று கேட்கிற மாதிரி அவ்வளவு சாதாரணமாகக் கேட்டார்: "முகையூர்ல எந்தத் தெரும்மா?"

"தெரு இல்லீங்க. காலனி."

குரலில் ஒரு நடுக்கம் உண்டா? இல்லை. டிரங்க் லைனில் நம்பர் சொல்கிற மாதிரிதான் சொன்னாள்.

"அடடா, நேத்துதான் வேற ஒருத்தருக்கு வாக்கு குடுத்தேன், மறந்தே பூட்டேன் பாரு" என்றார் சக்கரபாணி. வாசல்வரை வந்து ரத்னமாலாவிடம் மட்டும் மெதுவாக, "எனக்கு ஒண்ணும் இல்லம்மா. அக்கம்பக்கம்தான் ஒரு மாதிரி" என்றார். காப்பி வரவே இல்லை.

மறுநாள் சாயங்காலம் அதே மனிதர் பாம்பே லைன் கேட்டார். ரத்னமாலா சவுரியின் பக்கம் சாய்ந்தாள். "லைன் இல்லைன்னு சொல்லுடி. ராத்திரி வரைக்கும் காத்துக்கினு கிடக்கட்டும்!"

சவுரி பிளக்கைச் செருகினாள். "பாம்பே லைன்ல இருக்காங்க. பேசுங்க ஐயா." நேற்றைய அதே குரல். பிறகு ரத்னமாலா பக்கம் திரும்பினாள். "அவரு புத்தி அவரோட. இது என் வேலை. அதுல அவரு அழுக்கை நான் எதுக்குப் பூசிக்கணும்?"

கையெடுத்துக் கும்பிடலாம் போலிருந்தது ரத்னமாலாவுக்கு. நானாக இருந்தால் ஒயரையே பிடுங்கி எறிந்திருப்பேன் என்று நினைத்துக்கொண்டாள்.

ஜன்னலில் வெயில் மஞ்சளாகிக்கொண்டு வந்தது. "போ, போய்ச் சாப்டு" என்றாள் சவுரி.

தினமும் கேட்கிற வார்த்தைதான். அன்றைக்குச் சுருக்கென்றது. தன் பொழுதுக்கு ஆபீசே வளைந்துகொடுத்தது. அதைத் தன் விரதத்தின் மகிமை என்றல்லவா நினைத்திருந்தாள்! இவளுக்கு யார் வளைந்துகொடுத்தார்கள்?

"நீ எழுந்திரு. வெளிச்சம் இருக்கறப்பவே போய் வீடு பாரு. ரெண்டு போர்டும் நான் பார்த்துக்கறேன்."

"உன் சாப்பாடு?"

"ஒரு வேளை பட்டினிக்கு ஒண்ணும் செத்துட மாட்டேன். ஜல்தி போ!"

தனியாக இருந்து பார்த்தபோதுதான் தெரிந்தது, சவுரி தினமும் சுமந்த அந்த அரைமணி நேரத்தின் கனம். போர்டில் விளக்குகள் ஒன்றன்பின் ஒன்றாக எரிந்தன. செஞ்சிக்காரன் கத்தினான், புதுச்சேரிக்காரன் திட்டினான். டிபன் டப்பா திறக்காமலே இருட்டிவிட்டது.

சவுரி மூச்சிரைக்க வந்தாள். "கிடைச்சிடுச்சுடி! ஆயிஷா பீவின்னு ஒரு அம்மா, புருஷன் மஸ்கட்ல. மாடி ரூமு. அவங்க கேக்கறதுக்கு முன்னாடியே காலனின்னு சொல்லிட்டேன். 'அதை நான் கேட்டனா? பைப்புல தண்ணி எப்ப வரும்னு நீ கேளு'ன்னுட்டாங்க!"

சொல்லிச் சிரித்தவள், கொஞ்சம் தயங்கினாள். வெளியில் யார் வீட்டிலும் தண்ணீர்கூடக் குடிக்காதவள் ரத்னமாலா. "நாளைக்குக் காலைல பால் காய்ச்சறேன். சும்மா வந்து நின்னுட்டுப் போறியா?"

"எந்தத் தெரு?" என்று கேட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள் ரத்னமாலா.

சவுரி விழுந்து விழுந்து சிரித்தாள். "மசூதித் தெரு. மாடிப்படி வெளியவே இருக்குது."

"பொழுது விடிஞ்சதும் வர்றேன். சும்மா நிக்கறதுக்கு இல்ல, ஒரு டம்ளர் எடுத்து வை. உன் பாலைக் குடிச்சுதான் இந்தப் பட்டினியை முடிப்பேன்."