பெஸ்ஸி போடாத பெல்ட்

இரண்டாம் முறையும் டிரைவிங் டெஸ்டில் தோற்று வந்த அன்று ராமாத்தாள் அழவில்லை. ரசம் வைத்தாள். தாராபுரத்தில் ஏழு வருஷம் மொபெட் ஓட்டியவள். அங்கே ஹாரன் அடிக்காமல் தெருமுனை திரும்பினால்தான் திட்டு விழும். அந்தப் பழக்கத்தில் இங்கே அமெரிக்காவில், டெக்சாஸின் பிளானோவில், சாலையைக் கடந்துகொண்டிருந்த ஒரு பெரியவரைப் பார்த்து நீளமாக ஒன்று அடித்துவிட்டாள். அவர் நெஞ்சில் கைவைத்து நின்றார். பக்கத்தில் இருந்த டெஸ்ட் அதிகாரி தாளில் கோடு இழுத்தார்.

"உட்ரு புள்ள. போற எடத்துக்கெல்லாம் நான் கூட்டீட்டுப் போறேன்" என்றார் கணவர் கிட்டுசாமி.

"நீங்க ஆபீஸ்ல இருக்கறப்ப எப்புடிங்க?"

"என்னமோ பண்ணு. இனி நீ ஓட்டிப் பழகறப்ப பக்கத்து சீட்டுல நான் உக்கார மாட்டேன். பிபி ஏறுது."

அவளுடைய விசாவில் வேலைக்குப் போக முடியாது, படிக்கலாம். கம்யூனிட்டி காலேஜில் கம்ப்யூட்டர் வகுப்புக்கு இடம் கிடைத்திருந்தது. வீட்டிலிருந்து பஸ் கிடையாது. கணக்கில் பட்டம் வாங்கிய மூளை, மூன்று வருஷமாகப் பால் கேனில் தேதி பார்ப்பதோடு சரி. அது அவளை அரித்துக்கொண்டே இருந்தது.

அந்த வாரம்தான் மகள் பிரீத்தி பள்ளி ரிப்போர்ட்டுக்காக லைப்ரரியிலிருந்து ஒரு புத்தகம் கொண்டுவந்தாள். நூறு வருஷத்துக்கு முன்னால் விமானம் ஓட்டிய பெஸ்ஸி கோல்மனின் கதை. பக்கத்து ஊரான வாக்சஹாச்சியில் பருத்தி எடுத்து வளர்ந்த கறுப்பினப் பெண். சிகாகோவில் நகத்துக்குச் சாயம் பூசிப் பிழைத்தவள். இந்த நாட்டில் ஒரு பள்ளியும் அவளுக்கு விமானம் ஓட்டச் சொல்லித்தரவில்லை. சரி போங்கள் என்று பிரெஞ்சு கற்றுக்கொண்டு பிரான்சுக்கே கப்பலேறிவிட்டாள். லைசன்ஸில் வயதில் நாலைக் குறைத்துப் போட்டிருந்ததாம். ராமாத்தாளுக்குச் சிரிப்பு வந்தது. அவள் ஊர்ப் பள்ளியில் ஹெட்மாஸ்டர் புண்ணியத்தில் வகுப்பில் பாதிப் பேர் ஜூன் ஒன்றாம் தேதி பிறந்தவர்கள்.

கடைசிப் பக்கம் சிரிக்கவிடவில்லை. மறுநாள் பாராசூட்டில் குதிப்பதற்கு மேலேயிருந்து இடம் பார்க்கப் போயிருக்கிறாள். விமானத்தை மெக்கானிக் ஓட்ட, எழும்பி எட்டிப் பார்த்தால்தான் தரை தெரியும் என்று பெஸ்ஸி பெல்ட் போடவில்லை. விமானம் புரண்டது. விழுந்து இறந்துவிட்டாள்.

"ஷி வாஸ் ஜஸ்ட் லுக்கிங், அம்மா" என்றாள் பிரீத்தி.

மறுநாள் ராமாத்தாள் டெலிபோன் புத்தகத்தின் மஞ்சள் பக்கங்களைப் புரட்டி ஒரு டிரைவிங் ஸ்கூலைப் பிடித்தாள். காலையில் வரக்கூடிய ஒரே டீச்சர் லூப்பே என்ற மெக்சிகோக்காரி. அவளுடைய ஆங்கிலம் இவளுடையதைவிட மோசம். கிட்டுசாமி தலையில் அடித்துக்கொண்டார். இவள் அசரவில்லை. லூப்பேயின் ஸ்பானிஷில் இஸ்கியெர்தா என்றால் இடது, தெரேச்சா என்றால் வலது, தெஸ்பாசியோ என்றால் மெதுவாக. பெஸ்ஸி ஒரு பாஷையையே படித்தாளே, நமக்கு மூன்று வார்த்தைக்கு என்ன கொள்ளை? ஹாரன்மீது கை போகும்போதெல்லாம் லூப்பே விரலால் புறங்கையில் சுண்டினாள். மூன்று வாரத்தில் புறங்கை சிவந்தது.

மூன்றாவது டெஸ்ட் வெள்ளிக்கிழமை. இதிலும் தோற்றால் முதலிலிருந்து விண்ணப்பிக்க வேண்டும். திங்கட்கிழமை வகுப்பு அவளில்லாமல் தொடங்கிவிடும். ரோடு தெரிவதற்காகச் சீட்டில் தலையணை போட்டு ஏறினாள். பெல்ட்டை மாட்டி, இரண்டு தரம் இழுத்துப் பார்த்தாள். கிட்டுசாமி வெளியே பெஞ்சில், உட்காரவும் முடியாமல் நிற்கவும் முடியாமல் இருந்தார்.

காரை ரிவர்ஸில் எடுத்துக் கம்பங்களுக்கு நடுவே ஓரத்தை ஒட்டி நிறுத்தினாள். எதுவும் இடிக்கவில்லை. திரும்பி வரும் வழியில், கடைசித் திருப்பத்தில், கடைச் சாமான் வண்டியைத் தள்ளிக்கொண்டு ஒரு பெண் இப்படி அப்படிப் பார்க்காமல் சாலையில் இறங்கினாள்.

உள்ளங்கை ஹாரனுக்குப் போய்விட்டது. தொட்டும்விட்டது. அழுத்தவில்லை. கால் பிரேக்கில் இறங்க, பெல்ட் தோளைக் கவ்வி இழுத்து உட்கார வைத்தது.

அதிகாரியின் பேனா கோடு இழுக்காமல் தாளுக்கு மேலேயே நின்றது. தெஸ்பாசியோ என்று முணுமுணுத்துக்கொண்டு ராமாத்தாள் காத்திருந்தாள். ஒரு சக்கரம் ஆடிய அந்தச் சாமான் வண்டி, கடகடவென்று, நிதானமாகக் கடந்துகொண்டிருந்தது.