கிழக்கே நடந்த வீடுகள்

1891ஆம் வருஷம் ஆடி மாதம், தங்கவயலின் ஸ்கெலட்டன் லைனில் கூலிக்காரர்களின் வீடுகள் கிழக்கே நகரத் தொடங்கின. இரவுக்கு ஒரு எட்டு வைத்தன. மழையில் மண் இளகியிருந்தால் கொஞ்சம் கூடுதலாகவும் போகும். மூங்கில் தட்டியில் மண் பூசிய குடிசைகள்தானே, சத்தம் அதிகம் இல்லை. காலையில் கோழிகள் மட்டும் பழைய இடத்தில் நின்று முழிக்கும்.

அங்கே முன்பு கல்லும் முள்ளும்தான் இருந்தன. பூமிக்குள் தங்கம் இருப்பது தெரிந்ததும் சுரங்கத்துக்கு ஷாஃப்ட் குழி இறக்கினார்கள், புகைபோக்கி எழுப்பினார்கள். தங்கவயல் முழுவதற்கும் தலைநகராக ஒரு டவுன் கட்டுவதென்று துரைமார்கள் தீர்மானித்தார்கள். கடைத்தெரு, ஆஸ்பத்திரி, கோயில், சர்ச் எல்லாவற்றுக்கும் முளை அடித்தாயிற்று. வட ஆற்காட்டிலிருந்து வந்த ஜனங்களுக்கு லைன் வீடுகள். நகர்ந்தது அவைதான், பங்களாக்கள் அசையவில்லை.

லைனில் குடியிருந்த சம்பங்கி, சுரங்கத்துக்குள் பாறையில் துளை போடுகிறவன். வீடு ஷாஃப்டை விட்டு விலக விலக, சங்கு ஊதியபின் அவன் ஓடவேண்டிய தூரம் கூடியது. ஆட்களை இறக்கும் கேஜ் அவனை விட்டுவிட்டு இறங்கிய நாட்களும் உண்டு. வீட்டைக் கயிற்றால் கட்டினார்கள், கயிறு அறுந்தது. எதிரே கல் அடுக்கினார்கள். வீடு சுற்றிக்கொண்டு போயிற்று. இரண்டாம் வருஷம் தை மாதம் ஓவர்சியர் டக்ளஸ் வந்து, சித்திரை பிறப்பதற்குள் நிற்காத வீட்டைப் பிரித்து, குடியிருப்பவர்களை ஊருக்கே அனுப்பிவிடுவதாகச் சொன்னார். சம்பங்கிக்கு ஊரில் நிலம் இல்லை. பஞ்சத்தில் போனது போனதுதான். அவன் மனைவி கங்கம்மாவுக்கு அப்போது ஏழாம் மாசம்.

"ஊடு போற எடத்துக்கே நாமளும் போய்ட்டா இன்னா?" என்றான் பக்கத்து வீட்டுப் பெருமாள், கல்யாணமாகாதவன். "நடக்கற கஷ்டமாவது மிச்சம்."

"போய் இன்னாத்த துன்றது?" என்றாள் கங்கம்மா.

காரணத்தைக் கண்டவள் அவள்தான். வீட்டில் முதலில் நகர்வது அடுப்பு. சுவர் அதன் பின்னால் போகிறது. கிழக்கே, குடியாத்தத்துப் பக்கமிருந்து கிளம்பும்போது அவள் முந்தானையில் ஒரு பிடி ஊர்மண் முடிந்து வந்து, இங்கே அடுப்புப் போடுகையில் அதைக் குழைத்திருந்தாள். புது இடத்தில் சோறு ஒட்டவேண்டும் என்று லைனில் எல்லோரும் செய்ததுதான். அந்த மண் இப்போது வீடு திரும்பிக்கொண்டிருந்தது. அடுப்பை உடைக்க ஒருவருக்கும் கை வரவில்லை.

மாசிக் கடைசியில் அவள் அம்மா மங்கம்மா, தலைப்பிரசவத்துக்கு அழைத்துப்போக மாட்டுவண்டியோடு வந்தாள். லைனில் அதுவரை ஒரு குழந்தையும் பிறந்ததில்லை. பெண்கள் தாய்வீட்டில் பெற்றுக் கைக்குழந்தையோடு திரும்புவார்கள். கங்கம்மா வண்டியில் ஏறவில்லை.

"இங்கயே பெத்துக்கறேம்மா."

"இன்னாடி பேசற? பொண்ணுக்கு ஒரு பிரசவம் பாக்க வக்கில்லாதவன்னு ஊர்ல என்னை காறித் துப்பமாட்டாங்க?"

"அந்த மண்ணு நம்மள கூப்புடுது. இந்த மண்ணும் கூப்புடணும்னா, இது கிட்ட நம்முது எதனா இருக்கணும் இல்ல?"

மங்கம்மா முணுமுணுத்துக்கொண்டே மாடுகளை அவிழ்த்துக் கட்டினாள், வண்டியைத் திருப்பவில்லை. பங்குனியில் வலி எடுத்தபோது, பக்கத்து லைன்காரி மரியகுழந்தை தோளைப் பிடித்துக்கொள்ள, மங்கம்மாவே பிரசவம் பார்த்தாள். பெண் குழந்தை. தொப்புள்கொடியை ஊருக்கு எடுத்துப் போய்ப் புதைக்கலாமா என்று கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்தாள். பிறகு அடுப்பை ஒட்டிக் குழி தோண்டிப் புதைத்தாள். மறுநாள் காலை கோழிகள் வாசலிலேயே நின்றன.

டக்ளஸ் முளையிலிருந்து அளந்து பார்த்துவிட்டு மற்ற வீடுகளுக்கும் கெடுவை நீட்டினார். மற்றப் பெண்களும் லைனிலேயே பெற்றார்கள். வீடுகள் ஒவ்வொன்றாக நின்றன. போன இடத்தில் நின்றதால் தெருக்கள் கோணலாகவே அமைந்தன. ரயில் வந்தது, கரண்ட் விளக்கு வந்தது, பேத்தமங்களா ஏரித் தண்ணீர் குழாயில் வந்தது. தலைநகரென்று துணிந்து சொல்லும்படி டவுன் வளர்ந்துவிட்டது.

பெருமாள் கடைசிவரை கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அவன் வீடும் நிற்கவில்லை. அதை வீட்டுக் கணக்கில் சேர்ப்பதில்லையென்று டக்ளஸ் விட்டுவிட்டார். அது தண்டவாளத்தைக் கடக்க வேண்டியிருந்த இரவு, கோரமண்டல் ஸ்டேஷனில் ரயிலைக் கொஞ்சம் நிறுத்தி வைத்தார்கள். ஷிஃப்ட் முடிந்து வரும் பெருமாளுக்குக் கங்கம்மாவின் மகள்தான் சாயங்காலம் அந்த வீட்டுக்குக் கூழ் கொண்டுபோவாள். வருஷம் போகப்போக, அவள் வீட்டிலிருந்து கொஞ்சம் சீக்கிரமாகவே கிளம்பினாள்.