பத்தொன்பதாம் நாள் முட்டைகள்

எங்கள் கோழிக் கொட்டகை வரைக்கும் மின்கம்பி வராது. கூரைமேல் சோலார் பலகைகளை மாட்டிக்கொடுத்தவன் என் கொழுந்தன். பெரிய பண்ணைகளில் குஞ்சு பொரிக்கும் இயந்திரங்களைப் பழுது பார்ப்பவன். இரண்டு நாள் மேகமூட்டத்தைப் பேட்டரி தாங்கும், மூன்றாம் நாள் கைவிரித்துவிடும் என்று அன்றைக்கே சொன்னான். நான்தான் காதில் வாங்கவில்லை.

போன வாரம் தெருநாய்கள் புகுந்து கோழிகளை ஒன்றுவிடாமல் முடித்துவிட்டன. எனக்கென்று மிஞ்சியவை குஞ்சு பொரிக்கும் இன்குபேட்டர் பெட்டியில் இருந்த நானூறு முட்டைகள். இருபத்தோராம் நாள் பொரிய வேண்டும். பத்தொன்பதாம் நாள் மத்தியானம், வெயிலைக் கண்டு மூன்று நாளாகியிருந்தது, பெட்டியின் விளக்கு அணைந்து விசிறியும் நின்றது. வெண்ணெய் திரளும்போது தாழி உடைந்த கதை.

கொழுந்தனுக்குப் போன் போட்டுக் கத்தினேன். வானத்தையும் வாய்க்கு வந்தபடி திட்டினேன். பிறகு வீட்டுக் கம்பளிகளையெல்லாம் அள்ளிவந்து, காற்றுத் துளைகூடத் தெரியாமல் பெட்டியைப் போர்த்தினேன். தெர்மாமீட்டர், முட்டைகளுக்கு வேண்டிய முப்பத்தேழரையில் நின்றது. அது எப்போது இறங்குமோ என்று எதிரிலேயே உட்கார்ந்தேன்.

இறங்கவில்லை. அரைமணியில் முப்பத்தெட்டு, அப்புறம் முப்பத்தொன்பது. தெர்மாமீட்டரும் கெட்டுத் தொலைந்தது என்று நினைத்தேன்.

கொழுந்தன் நனைந்துகொண்டே வந்தான். வந்ததும் கம்பளிகளை உருவி எறிந்து பெட்டிக் கதவைத் திறந்தான். இருக்கிற சூடும் போய்விடும் என்று அவன் கையைப் பிடித்து இழுத்தேன்.

"உள்ள கைய வச்சுப் பாருங்க அண்ணி."

வைத்தேன். முட்டைகளிலிருந்து வெக்கை உள்ளங்கையில் ஏறியது. கரண்ட் இல்லை, வெயில் இல்லை.

"சூடு எங்கேருந்துடா வருது?"

"அதுங்ககிட்டேருந்துதான். இந்த வயசுல குஞ்சுங்களுக்குத் தன் சூடே போதும், காத்துதான் வேணும். நீங்க புழுங்க வச்சுட்டீங்க."

கோழிகளுக்கு நான் போட்ட சோளம், அந்தச் சோளம் குடித்த போன வருஷத்து வெயில், எல்லாம் இந்த ஓட்டுக்குள் இன்னும் கனன்றுகொண்டிருக்கிறதா? கூரை நிறையப் பலகை போட்டும் என்னால் மூன்று நாளைக்குச் சேர்த்துவைக்க முடியவில்லை. கைக்குள் அடங்கும் முட்டை சேர்த்து வைத்திருந்தது. உடம்பெல்லாம் சிலிர்த்தது.

இருவரும் அட்டையால் விசிறிச் சூட்டை இறக்கினோம். இதுவே முதல் வாரமாக இருந்தால் ஒன்றுகூடத் தேறியிருக்காது, இன்னொரு பேட்டரி போட்டே ஆகவேண்டும் என்றான். தலையாட்டினேன்.

ஒரு முட்டையை எடுத்துக் காதில் வைத்தேன். உள்ளே மெல்ல ஒரு கீச்சு. மேகம் கொல்லாத உயிரை நான் கொல்லப் பார்த்திருக்கிறேன். அந்த முட்டையிடம் வாய்விட்டே மன்னிப்புக் கேட்டேன். கொழுந்தன் சிரிக்கவில்லை.