கண்ணைப் பார்த்துக்கோங்க

நாலு நாள் காய்ச்சலில் கிடந்துவிட்டு, ஐந்தாம் நாள் காலையில் மூட்டைக்காரி கட்டிலை விட்டு இறங்கி, சுவரைப் பிடித்துக்கொண்டே ஜன்னல் பக்கம் போனாள். ஜன்னலோரம் இருந்த இரண்டு முட்டை அட்டைகளும் காலி. கட்டிலுக்கு அடியில் பார்த்தாள், அலமாரிக்குப் பின்னால் பார்த்தாள். எங்கேயும் ஒரு கிழங்குகூட இல்லை.

அந்த ஐந்து மாடிக் கட்டடத்தில் அவளுக்கு அந்தப் பேர் வந்ததே சாக்குமூட்டைகளால்தான். மொட்டை மாடியில் பதினைந்து பழைய சிமெண்ட் சாக்குகளில் மண்ணை நிரப்பி உருளைக்கிழங்கு போட்டிருந்தாள். ஆரம்பத்தில் எல்லாரும் சிரித்தார்கள். துறைமுகத்தை மூடி, கடைத்தெருவில் பாதி ஷட்டர் இறங்கின பிறகு சிரிப்பு நின்றுபோனது. காசுக்கு மதிப்புப் போய், பண்டத்துக்குப் பண்டம் என்றாகிவிட்டது. முதல் மாடிக் கோழிக்கார அக்காவிடம் முட்டை, தரைத்தளத்துத் தையல்காரரிடம் கீரை, ஐந்தாம் மாடி டீச்சரிடம் தக்காளி. ஆனால் கீரையைத் தின்று எவ்வளவு நேரம் தாங்கும்? வயிறு அடங்க வேண்டுமென்றால் மூட்டைக்காரியிடம்தான் வரவேண்டும்.

போன அறுவடையில் மிச்சம் பிடித்து இருபத்திரண்டு கிழங்கை விதைக்கென்று நிறுத்தியிருந்தாள். ஒவ்வொன்றையும் கண் மேலே பார்க்கிற மாதிரி அட்டையில் உட்கார வைத்து, வெளிச்சம் காட்டி, முளை கட்ட விட்டிருந்தாள். முளை வரும் அந்தக் குழிக்குப் பேர்தான் கண். கடைக்கு எப்போதாவது வரும் கிழங்கு மருந்தடித்த கிழங்கு. மாசக்கணக்கில் வைத்தாலும் முளைக்காது. இந்த வாரம் நட்டால்தான் உண்டு. வெயில் ஏறிவிட்டால் செடி மட்டும் தளதளவென்று நிற்கும், அடியில் ஒன்றும் இறங்காது.

“ஏங்க, அட்டையில இருந்த கிழங்கு எங்க?”

அவள் புருஷன் லிஃப்ட் மெக்கானிக். இருபது வருஷப் பழக்கத்தில் எந்த ஒயர் எங்கே போகிறதென்று இருட்டிலும் சொல்லுவான். சமையலறையைப் பொறுத்தவரை அவனுக்குத் தெரிந்தது, அங்கேயிருந்து டீ வரும் என்பதுதான். வேலை போனதிலிருந்து வீட்டில் ஏதாவது ஒன்றைச் செய்துவிட வேண்டும் என்று தவித்துக்கொண்டிருந்தான். இப்போது செய்திருந்தான். அதனால் முகமெல்லாம் பெருமையாக வந்து நின்றான்.

கிழங்கெல்லாம் முளைவிட்டுக் கெட்டுப்போக இருந்ததாம். இன்னும் கெடுவதற்குள் முளையைக் கிள்ளி எறிந்து, ஈரத்துணியால் துடைத்து, நேற்றுக் காலையில் மூன்று வீட்டுக்கும் பிரித்துக் கொடுத்துவிட்டானாம். அக்காவுக்கு எட்டு, தையல்காரருக்கு எட்டு, டீச்சருக்கு ஆறு. அதில் வந்த முட்டையையும் கீரையையும் தக்காளியையும் வைத்து மகளுக்கு இரண்டு வேளை வயிறு நிறையக் கொடுத்தானாம்.

“நீதானே சொன்னே? காய்ச்சல்ல கையைப் பிடிச்சுக்கிட்டு, கண்ணைப் பார்த்துக்கோங்க, கண்ணு போச்சுன்னா எல்லாம் போச்சுன்னு.”

ஆறு வயது மகளை அந்த வீட்டில் யாரும் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. கண்ணு என்றுதான் கூப்பிடுவார்கள்.

மூட்டைக்காரி அவன் பக்கம் திரும்பினாள். திட்டுவதற்கு வாயைத் திறந்தாள். மகள் தரையில் உட்கார்ந்து ஒரு தக்காளியைச் சப்பிக்கொண்டிருந்தாள். தாய் படுத்திருந்த நாலு நாளிலும் அவள் கன்னம் ஒட்டிப்போகவில்லை. மூட்டைக்காரி வாயை மூடிக்கொண்டு, தான் சொன்னது கிழங்கின் கண்ணை என்று மட்டும் சொன்னாள். அவன் அப்படியே சுவரோடு சரிந்து உட்கார்ந்தான்.

ஆனால் ஒரு வழி இருந்தது. கிழங்கே வேண்டுமென்றில்லை. கொஞ்சம் தடிப்பாகச் சீவின தோல், அதில் ஒரு கண் இருந்தால் போதும், மண்ணில் வைத்தால் முளைக்கும். விளைச்சல் சுமார்தான், ஆனால் அடுத்த தடவைக்கு விதையாவது தேறும். அவள் ஒரு பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். அவனும் கூடவே வந்தான். ஒரு வாசலில் இரண்டு பேர் போய் நின்றால் அது கேட்பது இல்லை, வழிப்பறி என்று சொல்லி அவனைத் தங்கள் மூன்றாம் மாடிப் படியிலேயே நிறுத்தினாள்.

முதலில் கீழே இறங்கினாள். தையல்காரர் வீட்டில் ஆறு பிள்ளைகள். கிழங்கு நேற்று மதியமே தீர்ந்திருந்தது. தோலை அக்காவின் கோழிகளுக்குக் கொடுத்துவிட்டதாகச் சொன்னார். அக்கா வீட்டில் எட்டையும் தோலோடு குக்கரில் போட்டு வேகவைத்தாகிவிட்டது. வெந்த தோல் எதற்கு ஆகும்? கீழ் வீட்டிலிருந்து வந்த தோலைப் பற்றிக் கேட்டதற்கு, அக்கா கோழிக்கூண்டைக் காட்டினாள். அங்கே ஒரு துணுக்குகூட இல்லை. கோழிகள் அவளை நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடி தரையைக் கொத்தின.

மிச்சம் டீச்சர் வீடு. லிஃப்ட் எப்போதோ செத்துவிட்டது. காய்ச்சல் கண்ட காலோடு ஐந்தாம் மாடிக்கு ஏறினாள். புருஷனைத் தாண்டிப் போகும்போது அவன் முகத்தைப் பார்க்கவில்லை. நாலாம் மாடியில் உட்கார்ந்து மூச்சு வாங்கினாள். ஆறு கிழங்கு, கிழங்குக்கு நாலு கண் என்று மனசுக்குள் கணக்குப் போட்டாள்.

டீச்சர் கணக்கு டீச்சர். ஓய்வு பெற்று, தனியாக இருப்பவர். எந்தப் பண்டமாற்றிலும் ஒன்றைக் கூடுதலாக வாங்கமாட்டார், ஒன்றைக் குறைத்தும் கொடுக்கமாட்டார். இஸ்திரி போட்ட புடவையில் வந்து கதவைத் திறந்தார். மூட்டைக்காரி சுற்றி வளைக்காமல் கேட்டாள்.

“டீச்சர், நேத்துக் கிழங்கு சீவின தோல் இருக்கா?”

டீச்சர் அவளுடைய வறண்ட உதட்டையும் கையில் இருந்த காலிப் பையையும் பார்த்தார். எதற்கென்று கேட்கவில்லை. உள்ளே கூப்பிட்டு நாற்காலியில் உட்காரவைத்தார். அடுப்பின் மேல் ஒரு சின்னப் பாத்திரம் கவிழ்த்து வைத்திருந்தது.

“தோல் இல்லம்மா. தோலைத்தான் நான் முதல்ல வேகவச்சுச் சாப்பிட்டேன். நேத்து மூணு கிழங்குத் தோலு, இன்னைக்கு மூணு. கிழங்கை வச்சிருந்தா இன்னும் ஆறு நாளைக்கு வரும்னு பார்த்தேன்.”

மூட்டைக்காரி கவிழ்த்திருந்த பாத்திரத்தைப் பார்த்தாள். விதைக்கு என்று சொல்லலாம். சொன்னால், தான் தின்றது இந்தக் கட்டடத்தின் அடுத்த விளைச்சல் என்று இந்த அம்மாவுக்குத் தெரிந்துபோகும். மனசு ஆறச் சொல்லிவிட வேண்டும் போலவும் இருந்தது. அவ்வளவு கோபம் அவளுக்கு எல்லார் மேலும் இருந்தது. ஆனால் நாக்கு எழவில்லை.

டீச்சர் மூடிவைத்திருந்த ஒரு கிண்ணத்தைக் கொண்டுவந்தார். தண்ணீருக்குள் ஆறு கிழங்கும் கிடந்தன. காகிதம் மாதிரி மெல்லிசாகச் சீவி, குழி குழியாகத் தோண்டி, ஒரு கண்கூட விடாமல் சுத்தம் செய்திருந்தார். அதில் மூன்றை எடுத்துப் பையில் போட்டார்.

“வேணாம் டீச்சர்.”

“பேசாம எடுத்துட்டுப் போ. தோலைக் கேட்டு ஒரு வீட்டு வாசலுக்கு வர்ற நிலைமையில வச்சுட்டமே உன்னை. எனக்குப் பழகிப்போச்சு. உனக்குச் சின்னப் பொண்ணு இருக்கு.”

அவள் அழுதாள். பசியால் அழுகிறாள் என்று டீச்சர் முதுகைத் தடவிக் கொடுத்தார்.

மூன்றாம் மாடிப் படியில் புருஷன் எழுந்து நின்றான். அவள் பையை எட்டிப் பார்த்தான். வெள்ளை வெளேரென்று மூன்று கிழங்கைக் கண்டதும் அவன் முகம் தெளிந்தது.

“தோலுதான் கிடைக்கும்னு நினைச்சேன். முழுக் கிழங்காவே கிடைச்சிடுச்சா? மேல போய் நட்டுடலாமா?”

காலையிலிருந்து அவனைத் திட்டுவதற்காக அவள் சேர்த்து வைத்திருந்த அத்தனை வார்த்தையும் நெஞ்சில் இருந்தது. அவன் கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. நாலு நாளும் அவன் சாப்பிட்டிருக்கவில்லை என்று அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது.

“கிடைச்சிடுச்சு,” என்றாள். “போய் அடுப்பைப் பத்த வைங்க.”