பதினான்காம் கேள்வி

முந்நூற்றுப் பன்னிரண்டு தம்பதிகளிடம் அவர் அந்தப் பதினான்காம் கேள்வியைக் கேட்டிருந்தார்: 'துணையின் மேல் ஆசை வரும்போது அதை வாய்விட்டுச் சொல்வீர்களா? ஒன்றிலிருந்து ஐந்துக்குள் மதிப்பெண் இடுக.' கேட்கக் கூசியதே இல்லை. கையில் படிவம் இருந்தால் போதும். படிவம் இல்லாவிட்டால் கடைக்காரரிடம் ஒரு பை கேட்கக்கூட அந்த மனிதருக்கு நாக்கு எழாது. பல்கலைக்கழகத்தில் முதுகுக்குப் பின்னால் அவர் பெயர் 'கூச்சப் பேராசிரியர்'.

ஆராய்ச்சி இதுதான். மூன்று வயதில் பிள்ளை புது முகத்தைக் கண்டால் ஒளிந்ததா, ஓடிப்போய் ஒட்டிக்கொண்டதா என்று அம்மா ஒரு படிவம் நிரப்ப வேண்டும். வளர்ந்து கல்யாணமான பிள்ளை தன் தாம்பத்தியத்தைப் பற்றி இன்னொன்று. அன்று கூச்சப்பட்ட குழந்தைதான் இன்று ஆசையை மென்று விழுங்குகிறது என்பது அவர் கட்சி. உண்மையில் அது மனைவிக்காகத் தயார் செய்து வைத்திருந்த சாக்கு. அதற்குப் பல்கலைக்கழகத்தின் முத்திரை வேறு.

மனைவிக்குப் பல் செட் செய்யும் பட்டறையில் வேலை. தூரத்து ஊரிலிருந்து இரண்டு வருட வேலைக்கு அழைப்பு வந்திருந்தது.

"வெள்ளிக்கிழமை பதில் சொல்லணும். நான் போகவா, இருக்கவா?" என்று திங்கட்கிழமை கேட்டாள்.

"உன் இஷ்டம்."

"என் இஷ்டம் எனக்குத் தெரியும். உங்களுக்கு நான் வேணுமா?"

அவர் அரை மணி நேரம் விளக்கினார். "அது பிறவிச் சுபாவம்மா. மூணு வயசுலயே தெரிஞ்சிடும்."

"அப்படின்னு யார் சொன்னா?"

"டேட்டா சொல்லுது."

அவள் எழுந்து போய்விட்டாள்.

வெள்ளிக்கிழமை காலை, அவள் வேலைக்குப் போன பிறகு, அத்தாட்சியைத் தேடி மேசை இழுப்பறையைக் குடைந்தார். வெள்ளோட்டத்துக்காக முதன்முதலில் நிரப்பிய படிவம், அவருடையதே, கிடைத்தது. அம்மாவின் பகுதியையும் அவரே நிரப்பியிருந்தார். தன்னைப் பற்றித் தனக்குத் தெரியாதா, அம்மாவை எதற்குத் தொந்தரவு செய்வது என்ற பெருந்தன்மை. 'தன் குழந்தைப் பருவத்துக்குத் தானே மதிப்பெண் இடக் கூடாது' என்று அதே தாளின் தலைப்பில் எழுதியவரும் அவர்தான். அம்மாவை ஒரு வார்த்தை கேட்டுவிடுவோம் என்று போனை எடுத்தார்.

"சின்ன வயசுல புது ஆளுங்களப் பார்த்தா பயப்படுவேனாம்மா?"

"நீயா? தபால்காரர் வந்தா அவர் காலைக் கட்டிக்கிட்டு 'தூக்கு, தூக்கு'ன்னு நிப்ப. பாவம் மனுஷன், பையோட உன்னையும் தூக்கிக்கிட்டு நாலு வீடு போவாரு."

"ஏதாவது வேணும்னா வாய் திறந்து கேப்பேனா?"

"நீ கேட்டா தெருவுக்கே கேக்கும்."

"வேற பிள்ளைய நெனச்சிச் சொல்றியாம்மா?"

"எனக்கு ஏதுடா வேற பிள்ளை?"

போனை வைத்தார். பிறவிக் கோழை இல்லை அவர். சொந்த உழைப்பில் முன்னுக்கு வந்த கோழை. படிவத்தை மேசையிலேயே போட்டுவிட்டுக் கிளம்பினார்.

பட்டறையில் அவள் மெழுகில் பல் பதித்துக்கொண்டிருந்தாள். அரவை இயந்திரத்தின் இரைச்சலை மீறி, "போகாதே! எனக்கு நீ வேணும்!" என்று கத்தினார். பாதி வார்த்தையில் இயந்திரம் நின்றுவிட்டது. பக்கத்து மேசைப் பெண்கள் இருவரும் ஆளுக்கொரு தாடை அச்சைக் கையில் எடுத்து உற்றுப் பார்க்கத் தொடங்கினார்கள்.

"வர்றேன்னு காலையிலயே பதில் அனுப்பிட்டேங்க," என்றாள்.

'நல்லது' என்று சொல்லிவிட்டுத் திரும்புவதுதான் அவர் வழக்கம். கால்கூடத் திரும்பிவிட்டது. கஷ்டப்பட்டு நிறுத்தினார்.

"அப்பவும் வேணும். சனிக்கிழமை தோறும் அங்க வந்து சொல்றேன்."

"பஸ்ல எட்டு மணி நேரமாகும்."

"எட்டு மணி நேரமும் ஒத்திகை பார்த்துக்கிட்டே வர்றேன்."

அவளுக்குச் சிரிப்பு வந்தது, கண்ணும் நிறைந்துவிட்டது.

"பதினோரு வருஷம் காத்துக்கிட்டு இருந்தேன்," என்றாள். "ரெண்டு மணி நேரத்துல தவற விட்டுட்டீங்களே."

விரலில் ஒட்டியிருந்த மெழுகைக்கூடத் துடைக்காமல் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.